குறையுள்ள மூன்று விளையாட்டுகள்: முதலில் எதைத் தொடங்குவது?

பெரிய நிறுவனங்கள் பெருஞ்செலவில் உருவாக்கும் வீடியோ கேம்களை ஆண்டுக்கணக்கில் ஆடியவர்களுக்கு ஒரு கட்டத்தில் சலிப்புத் தட்டிவிடுகிறது. துப்பாக்கி குறி தவறாமல் சுடுகிறது, வரைபடம் ஒவ்வோர் அடிக்கும் வழி காட்டுகிறது, எந்தச் சுவரில் ஏறலாம் என்பதை வண்ணம் பூசியே அடையாளப்படுத்திவிடுகிறார்கள். ஆனாலும் முடித்த சில வாரங்களில் கதாநாயகனின் பெயர்கூட மறந்துபோகிறது. அப்படிச் சலித்தவர்கள், குறைகள் கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் வேறெங்கும் கிடைக்காத ஓர் அனுபவத்தைத் தருகிற விளையாட்டு ஒன்றைத் தேடும்போது, மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப அவர்கள் கண்ணில் படும். 2010இல் வெளிவந்த டெட்லி பிரமோனிஷன், அதே ஆண்டு வெளிவந்த ஆல்ஃபா புரோட்டோகால், 2019இல் வெளிவந்த பேத்தலாஜிக் 2. மூன்றையும் நான் முழுமையாக ஆடியிருக்கிறேன், மூன்றையும் நேசிக்கிறேன். ஆயினும் எதை முதலில் தொடங்குவது என்ற கேள்விக்கு மூன்றும் சமமான விடைகள் அல்ல.

ஒரு விளையாட்டில் எத்தனை குறைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதால் இந்த முடிவை எடுக்க முடியாது. அந்தக் குறை எங்கே நிற்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. சில விளையாட்டுகளில் குறை சிறப்புக்குப் பக்கத்தில் தனியாக நிற்கிறது. பொறுத்துக்கொண்டு அதைக் கடந்து போய்விடலாம். சிலவற்றில் குறை ஒரு மூலையில் குவிந்திருக்கிறது. நாம் விளையாடும் விதத்தை மாற்றினால் அந்த மூலைக்குப் போகாமலேயே இருந்துவிடலாம். சிலவற்றில் குறை என்று பிறர் சொல்வதே அந்த விளையாட்டு நம்மிடம் சொல்ல வந்த செய்தியாக இருக்கிறது. அதை நீக்கினால் மிச்சம் எதுவும் இருக்காது.

டெட்லி பிரமோனிஷன் முதல் வகையைச் சேர்ந்தது. ஹிடெடாகா சூஹிரோ, ஸ்வெரி என்ற பெயரால் அறியப்படுபவர், ஜப்பானின் ஆக்சஸ் கேம்ஸ் நிறுவனத்தில் இயக்கிய விளையாட்டு இது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கிரீன்வேல் என்ற கற்பனை ஊரில் அன்னா கிரஹாம் என்ற இளம்பெண் கொல்லப்படுகிறாள். அதை விசாரிக்க ஃபிரான்சிஸ் யார்க் மார்கன் என்ற எஃப்.பி.ஐ. அதிகாரி வருகிறார். அவர் தமக்குள் இருக்கும் 'ஜாக்' என்ற ஒருவருடன் ஓயாமல் பேசுகிறார். அந்த ஜாக் யார் என்பதை இங்கே சொல்லிவிடக் கூடாது. ஆனால் காதில் விரலை வைத்துக்கொண்டு அவர் 'ஜாக், நீ என்ன நினைக்கிறாய்?' என்று கேட்கும்போதெல்லாம், அந்தக் கேள்வி திரைக்கு இப்பால் கன்ட்ரோலரைப் பிடித்திருக்கும் நம்மை நோக்கியே வருகிறது. ஆடுபவருக்கும் கதாபாத்திரத்துக்கும் இடையே இவ்வளவு நெருக்கமான உறவை வேறு எந்த விளையாட்டிலும் நான் கண்டதில்லை.

இந்த விளையாட்டுக்கு ஐ.ஜி.என். என்ற விளையாட்டு விமர்சன இணையதளத்தின் அமெரிக்கப் பதிப்பு 10க்கு 2 மதிப்பெண் கொடுத்தது. டிஸ்ட்ரக்டாய்டு என்ற இன்னொரு இணையதளம் 10க்கு 10 கொடுத்தது. விமர்சகர்களை மிக அதிகமாகப் பிளவுபடுத்திய திகில் விளையாட்டு என்று கின்னஸ் சாதனைப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. இரு தரப்பும் உண்மையைத்தான் சொன்னார்கள் என்பது என் கருத்து. சண்டைக் காட்சிகள் மந்தமானவை. பின்னோக்கி வளைந்து முனகிக்கொண்டே வரும் நிழலுருவங்களை நின்ற இடத்தில் நின்றபடி சுட வேண்டும், அதுவும் ஒரே மாதிரியான நீண்ட தாழ்வாரங்களில். கார் ஓட்டுவது துன்பம். வரைபடத்தைப் போதுமான அளவு விரித்துப் பார்க்க முடியாததால் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போவதே ஒரு வேலையாகிவிடுகிறது. பின்னணி இசை சில இடங்களில் வசனத்தை மூழ்கடிக்கிறது. துயரமான காட்சியில் உற்சாகமான சீழ்க்கை ஒலி வந்து நிற்கிறது.

ஆனால் அந்த ஊர் உயிரோடிருக்கிறது. ஊர்க்காரர் ஒவ்வொருவருக்கும் நாள் முழுவதற்குமான நடமாட்டம் உண்டு; கடைக்காரர் எப்போது கடையை மூடுகிறார், ஷெரிஃப் எப்போது வீடு திரும்புகிறார் என்பதை நீங்கள் பின்தொடர்ந்தே அறியலாம், சன்னல் வழியே எட்டிப்பார்க்கவும் செய்யலாம். யார்க்குக்குப் பசிக்கும், தூக்கம் வரும், தாடி வளரும். சட்டையை மாற்றாமல் விட்டால் அவரைச் சுற்றி ஈ மொய்க்கும். சூடு ஆறுவதற்குள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஒரு பானையை அணைத்துக்கொண்டு தெருவில் நடக்கும் மூதாட்டியைக் காரில் ஏற்றிச் செல்வது இந்த விளையாட்டில் ஒரு முழுப் பணி. உணவகத்தில் வான்கோழி இறைச்சி, ஸ்ட்ராபெரி ஜாம், சீரியல் மூன்றையும் வைத்த ஒரு சாண்ட்விச்சைப் பற்றி நீண்ட உரையாடல் நடக்கிறது. ஹோட்டலில் காது மந்தமான உரிமையாளர் பாலி, மிக நீளமான மேசையின் ஒரு முனையிலும் யார்க் மறுமுனையிலும் அமர்ந்து பேச முயலும் காட்சி, முதலில் சிரிப்பையும் பிறகு அந்தப் பெண்மணியின் தனிமையையும் நமக்குத் தருகிறது. இவற்றையெல்லாம் ஒரு கொலைக் கதைக்குள் கொண்டுவர வேண்டும் என்று திட்டமிட்டு, சிறிய செலவில் முடித்துக்காட்டியவரின் அக்கறையை நான் மதிக்கிறேன்.

இதில் எனக்கு உண்மையாகவே உறுத்தும் குறை சண்டையோ காரோ அல்ல. கதையின் பிற்பகுதியில், பாலின அடையாளம் தொடர்பான ஒரு விஷயத்தை அதிர்ச்சிக்கான கருவியாகப் பயன்படுத்துகிறார்கள். பெண்கள் மீதான வன்முறையைக் காட்டும் விதமும் சில இடங்களில் தேவைக்கு மீறியது. இவை இயந்திரக் கோளாறுகள் அல்ல, பார்வைக் கோளாறுகள். பிழைகளைச் சரிசெய்யப் பின்னர் வெளியிடப்படும் எந்தப் பேட்ச்சும் அவற்றைத் திருத்தாது. தொடங்குமுன் இதை அறிந்திருப்பது நல்லது.

எந்தப் பதிப்பை வாங்குவது என்பதும் இந்த விளையாட்டில் சிக்கலானது. 2013இல் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவிக்கும் பிறகு கணினிக்கும் வந்த 'டைரக்டர்ஸ் கட்' பதிப்பில் கட்டுப்பாடுகள் ஓரளவு எளிதாக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் கணினிப் பதிப்பு வெளிவந்தபோது 720 வரித் தெளிவுக்கு மேல் போகவே இல்லை. டுரான்டே என்ற புனைபெயருடைய ரசிகர் உருவாக்கிய திருத்தம்தான் அதைக் காப்பாற்றியது. இன்றும் அந்தப் பதிப்பு நடுவில் நின்றுபோகும் பழக்கத்தை விடவில்லை. 2019இல் நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற விளையாட்டுக் கருவிக்கு வந்த 'ஆரிஜின்ஸ்' பதிப்பு பழைய எக்ஸ்பாக்ஸ் 360 வடிவத்தை ஒட்டியது. ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்கு அதுவே மேல். 2020இல் வந்த இரண்டாம் பாகத்தை நான் பரிந்துரைக்கவில்லை. பிரேம் ரேட், அதாவது ஒரு வினாடியில் திரையில் ஓடும் படங்களின் எண்ணிக்கை, தாங்க முடியாத அளவுக்கு விழுந்தது ஒரு காரணம். முதல் பாகத்தின் ஊர் அளவுக்கு அதன் ஊர் மனத்தில் நிற்கவில்லை என்பது பெரிய காரணம்.

ஆல்ஃபா புரோட்டோகால் முற்றிலும் வேறு இயல்புடையது. வசனமும் தேர்வுகளும் நிறைந்த விளையாட்டுகளுக்குப் பெயர்பெற்ற அப்சிடியன் நிறுவனம் உருவாக்கி, சேகா வெளியிட்ட உளவுக் கதை. மைக்கேல் தார்ட்டன் என்ற உளவாளி, பயணிகள் விமானம் ஒன்று ஏவுகணையால் வீழ்த்தப்பட்டதன் பின்னணியைத் தேடிச் சவூதி அரேபியாவில் தொடங்கி, தன் அமைப்பே தன்னைக் கைவிட்ட நிலையில் ரோம், தைபே, மாஸ்கோ ஆகிய நகரங்களில் அந்தத் தேடலைத் தொடர்கிறான். சவூதிக்குப் பிறகு இந்த மூன்று நகரங்களுக்கும் எந்த வரிசையில் போவது என்பது நம் முடிவு. ஒரு நகரத்தில் செய்தது மற்ற நகரத்தில் எதிரொலிக்கிறது.

உரையாடலில்தான் இதன் உயிர் இருக்கிறது. எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நயமாகப் பேசுவதா, தொழில்முறையாகப் பேசுவதா, மிரட்டுவதா என்பதைச் சில வினாடிகளுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு திரும்பிப்போய் மாற்ற வழியில்லை. ஆடியதைச் சேமித்துவைப்பதும் விளையாட்டு தானே குறிக்கும் இடங்களில்தான் நிகழ்கிறது. ஒருவர் நம்மை வெறுத்தாலும் அதற்கென ஒரு பயன் கிடைக்கிறது என்பது நான் மிகவும் பாராட்டும் அம்சம்: பிற விளையாட்டுகளில் எல்லாரையும் மகிழ்விப்பதே சரியான வழியாக இருக்கும்போது, இங்கே ஓர் எதிரியைத் திட்டமிட்டு ஆத்திரமூட்டுவதும் நியாயமான உத்தியாகிறது. சவூதியில் பிடிபடும் ஷஹீத் என்ற ஆயுதக்குழுத் தலைவனைக் கொன்றுவிட்டால் கதை ஒரு திசையில் போகிறது; விட்டுவிட்டால் வேறு திசையில் போகிறது. முடிவு நெருங்கும்போது யார் நம்மோடு நிற்கிறார்கள், யார் துப்பாக்கியை நம் பக்கம் திருப்புகிறார்கள் என்பது இத்தகைய சிறு தேர்வுகளின் கூட்டு. நண்பர்கள் இருவர் இதை முடித்துவிட்டுப் பேசிக்கொண்டால், ஒருவர் கண்ட காட்சிகளில் பல மற்றவர் கண்ணிலேயே பட்டிருக்காது.

துப்பாக்கிச் சண்டை மோசம். எதிரியின் தலைக்கு நேராகக் குறிவைத்தாலும், கதாபாத்திரத்தின் திறமைகளை வளர்க்க நாம் செலவிடும் திறன் புள்ளிகள் போதாவிட்டால் குண்டு விலகிப்போகிறது. எதிரிகள் அறிவற்றவர்களாக ஓடி வருகிறார்கள். கணினிகளை ஊடுருவும் சிறு புதிர், நகரும் எழுத்துக்கூட்டத்தில் இரண்டு தொடர்களைத் தேடிப் பொருத்தச் சொல்கிறது. விசைப்பலகையும் மவுஸும் கொண்டு அதைச் செய்வது கண்ணுக்கும் கைக்கும் சோதனை. மாஸ்கோவில் வரும் பிரேக்கோ என்ற தலைவனுடனான மோதல், அதுவரை மறைந்து நடந்தே பழகியவரைத் திடீரென நேருக்கு நேர் சண்டைக்குத் தள்ளுவதால், பலர் அங்கேயே விளையாட்டைக் கைவிட்டிருக்கிறார்கள்.

ஆனால் இந்தக் குறைகளில் பெரும்பகுதியை ஒரே ஒரு முடிவால் விலக்கிவிடலாம். ஒலியெழுப்பாமல் நகரும் திறனிலும் கைத்துப்பாக்கியிலும் மட்டும் புள்ளிகளைச் செலுத்துங்கள். கைத்துப்பாக்கியின் சிறப்புத் திறன், காலத்தை நிறுத்திப் பல எதிரிகளைக் குறித்துவைத்து ஒரே நேரத்தில் வீழ்த்த உதவுகிறது. அது விளையாட்டின் சமநிலையையே குலைக்கும் அளவுக்கு வலிமையானது. வேறொரு விளையாட்டில் அதைக் குறையென்று சொல்வேன். இங்கே அது, சண்டையை விரைவாகக் கடந்து உரையாடலுக்குத் திரும்ப நமக்குக் கிடைத்த சாவி. பிரேக்கோவையும் அதைக்கொண்டே எளிதில் முடிக்கலாம்.

பாடல்களுக்கான உரிமம் காலாவதியானதால் கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் அங்காடியிலிருந்து 2019இல் இந்த விளையாட்டு நீக்கப்பட்டது. சில ஆண்டுகள் புதிதாக வாங்க விரும்பியவர்களுக்கு வழியே இல்லாதிருந்து, 2024 மார்ச்சில் ஜி.ஓ.ஜி. என்ற இன்னோர் இணைய அங்காடியில் அது திரும்ப வந்தது. இக்காலக் கன்ட்ரோலர்களோடு இயங்கும்படி அந்தப் பதிப்பைச் சீர்செய்திருக்கிறார்கள். பழைய மடிக்கணினியிலும் ஓடும் என்பது கூடுதல் நன்மை. சுமார் 15 மணி நேரத்தில் முடிந்துவிடும் நீளமும், மறுமுறை வேறு மாதிரி ஆடிப்பார்க்கத் தூண்டும் அமைப்பும் இதற்குப் பெரிய பலம்.

பேத்தலாஜிக் 2 பற்றிச் சொல்வதற்கு எனக்கு அதிகம் இருக்கிறது, ஏனெனில் மூன்றிலும் பெரிய படைப்பு அதுவே. மாஸ்கோவைச் சேர்ந்த ஐஸ்-பிக் லாட்ஜ் என்ற சிறு குழு, நிகோலாய் டிபோவ்ஸ்கியின் தலைமையில் 2005இல் ரஷ்ய மொழியில் வெளியிட்ட விளையாட்டின் மறுவடிவம் இது. அந்த முதல் பேத்தலாஜிக்கின் ஆங்கில மொழிபெயர்ப்பு மிக மோசமாக இருந்தது. 2015இல் புதிய மொழிபெயர்ப்போடு அது திருத்தி வெளியிடப்பட்டது. முதல் விளையாட்டில் மூன்று மருத்துவர்களின் கதைகள் உண்டு. பேத்தலாஜிக் 2, ரசிகர்களிடம் நிதி திரட்டித் தொடங்கப்பட்டு, அந்த மூவரில் ஆர்டெமி புராக் என்ற ஒருவனின் கதையை மட்டும் கொண்டு வெளிவந்தது.

தந்தையின் கடிதம் கண்டு, பரந்த புல்வெளியின் நடுவே இருக்கும் தன் ஊருக்குத் திரும்புகிறான் புராக். வந்து சேரும்போது தந்தை கொல்லப்பட்டிருக்கிறார். அந்தப் பழி மகன் மேலேயே விழுகிறது. சில நாள்களில் ஊரில் கொள்ளைநோய் பரவத் தொடங்குகிறது. மொத்தம் 12 நாள்கள். கடிகாரம் நமக்காக நிற்பதில்லை. ஒரு தெருவில் நீங்கள் உணவு தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் இன்னொரு தெருவில் ஓர் உரையாடல் உங்களுக்காகக் காத்திருந்து, காலம் கடந்ததும் முடிந்துவிடுகிறது. நள்ளிரவில் யாருக்குத் தொற்றியது, யார் இறந்தார் என்ற கணக்கு வருகிறது. தந்தை விட்டுச்சென்ற பட்டியலில் இருக்கும் குழந்தைகளின் பெயர்கள் அந்தக் கணக்கில் வரக்கூடும்.

பசி, தாகம், களைப்பு, தொற்று ஆகியவை இடைவிடாமல் ஏறுகின்றன. நோய்ச் செய்தி பரவியதும் ரொட்டியின் விலை ஒரே நாளில் பலமடங்கு உயர்கிறது. நேற்றுவரை செல்வமாகத் தோன்றிய பணம் இன்று ஒருவேளை உணவுக்குக் காணாது. அப்போதுதான் குழந்தைகளின் பண்டமாற்று உங்களைக் காப்பாற்றுகிறது: தெருவில் விளையாடும் சிறுவர்கள் பெரியவர்களின் பணத்தை மதிப்பதில்லை, ஆனால் கொட்டைகளுக்கும் ஊசிகளுக்கும் ஈடாகத் துப்பாக்கிக் குண்டையோ மருந்தையோ கொடுத்துவிடுகிறார்கள். பிணங்களிலிருந்து உறுப்புகளை எடுப்பதும், புல்வெளி மூலிகைகளைக் காய்ச்சி மருந்தாக்குவதும், ஒரு பகுதியில் நம் பெயர் கெட்டுவிட்டால் அங்கே தெருவில் நடக்கவே அஞ்சுவதும் இங்கே அன்றாடம். இறந்தால் முந்தைய சேமிப்புக்குத் திரும்பித் தப்பிக்கவும் முடியாது. ஒவ்வொரு மரணத்துக்கும் ஒரு தண்டனை, எல்லாச் சேமிப்புகளிலும் நம்மைத் தொடர்ந்து வருகிறது.

சண்டை விகாரமானது, நடை மெதுவானது, ஆடியதைச் சேமிக்க ஊரில் ஆங்காங்கே இருக்கும் கடிகாரத்தைத் தேடிப் போக வேண்டும், உடல்நிலைக் கோடுகள் இரக்கமற்றவை. இவற்றைக் குறையென்று பட்டியலிட்ட விமர்சனங்கள் தவறானவை அல்ல. இருந்தாலும், ஒரு மருத்துவன் தன் பசிக்கும் ஊரின் நோய்க்கும் நடுவே எதைத் தேர்ந்தெடுப்பான் என்ற கேள்வியை, வயிறு நிறைந்த கதாநாயகனை வைத்து எழுப்ப முடியாது. கையில் ஒரே ஒரு மருந்து இருக்கும்போது, அதைப் படுத்திருக்கும் குழந்தைக்குக் கொடுப்பதா, நாளை உங்களுக்கே தேவைப்படும் என்று வைத்துக்கொள்வதா என்று நீங்கள் தயங்கும் அந்த நிமிடம், அதற்கு முந்தைய மணி நேரங்களின் கஷ்டத்தால்தான் எடை பெறுகிறது. மற்ற விளையாட்டுகளில் நல்லவராக இருப்பதற்கு எந்தச் செலவும் இல்லை. இங்கே அதற்கு விலை உண்டு, அந்த விலையை நீங்களே உங்கள் பையிலிருந்து கொடுக்கிறீர்கள்.

நியாயப்படுத்த முடியாத குறைகளும் இதில் இருக்கின்றன. ஒரு பகுதியிலிருந்து மறுபகுதிக்குப் போகும்போது திரை திக்குகிறது. அதற்கு எந்தக் கலை நோக்கமும் இல்லை, தொழில்நுட்பம் போதவில்லை என்பதே காரணம். மூன்றில் ஒரு கதையோடு நிறுத்திக்கொண்டதால், மற்ற இரு மருத்துவர்களும் இதில் ஓரங்களில் வந்து மறைகிறார்கள். கனவும் நாடகமும் கலந்த தொடக்கப் பகுதி, புதியவரைக் காரணமின்றிக் குழப்புகிறது.

இவற்றுக்கு அப்பால் இன்னும் இரண்டு பெயர்களை நண்பர்கள் சொல்வார்கள். குளோவர் ஸ்டூடியோவில் ஷின்ஜி மிகாமி இயக்கி 2006இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த காட் ஹேண்ட், அடிதடி விளையாட்டுகளில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று; ஆனால் அது கணினிக்கு ஒருபோதும் வெளிவரவில்லை என்பதால் பெரும்பாலானோருக்கு இது தேர்வாகவே அமையாது. பிரான்ஸின் ஸ்ட்ரீம் ஆன் ஸ்டூடியோ 2011இல் வெளியிட்ட ஈ.ஒய்.ஈ.: டிவைன் சைபர்மேன்சி, நீங்கள் ஊடுருவ முயலும் கதவே திரும்பி உங்கள் மூளையை ஊடுருவும் அளவுக்குத் துணிச்சலான கற்பனை கொண்டது. எனினும் தன் விதிகளை அது விளக்குவதேயில்லை. முதல் விளையாட்டாக அதை யாருக்கும் கொடுக்கமாட்டேன்.

நம் வாசகர்களுக்கு மொழியும் ஒரு முக்கியமான அளவுகோல். ஆங்கில வசனத்தை வாசித்துப் புரிந்துகொள்ளச் சற்று நேரம் தேவைப்படுபவர்களுக்கு டெட்லி பிரமோனிஷன் மிக எளிது. பாத்திரங்கள் நிதானமாகப் பேசுகிறார்கள், சொற்களும் எளியவை. ஆல்ஃபா புரோட்டோகாலில் வினாடிகள் ஓடுகின்றன என்ற அச்சம் வேண்டியதில்லை, ஏனெனில் தேர்வுகள் பெரும்பாலும் ஒரு சொல்லளவே. பேசுபவரின் மனநிலையைப் பிடித்துக்கொண்டால் போதும். பேத்தலாஜிக் 2இன் வசனங்கள் அடர்த்தியானவை, உருவகம் நிறைந்தவை, குரல் இல்லாமல் பெரும்பாலும் வாசிக்க வேண்டியவை. நாவல் வாசிக்கும் பழக்கமுள்ளவருக்கு அது விருந்து. நாள் முழுதும் வேலை செய்து களைத்து வந்து இரவில் ஒரு மணி நேரம் ஆடுபவருக்குச் சுமை.

ஆகவே பெரும்பாலானோர்க்கு என் பரிந்துரை ஆல்ஃபா புரோட்டோகால். மூன்றிலும் மிகச் சிறந்தது அது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதன் குறைகளை நாமே ஒதுக்கிவைக்க முடியும், அது எளிதில் கிடைக்கிறது, சாதாரணக் கணினியில் ஓடுகிறது, குறுகிய காலத்தில் முடிகிறது, முடித்த பிறகு குறையுள்ள விளையாட்டுகளைப் பொறுமையோடு அணுகும் மனநிலையை உருவாக்குகிறது. ஸ்விட்ச் வைத்திருப்பவர்களும், சண்டையைவிட மனிதர்களைக் கவனிப்பதில் இன்பம் காண்பவர்களும் டெட்லி பிரமோனிஷனில் தொடங்கலாம். அதைக் கணினியில் வாங்குவதென்றால் ஸ்டீம் அங்காடியில் வாங்கி, பணத்தைத் திரும்பப் பெற அனுமதிக்கப்படும் 2 மணி நேர ஆட்டத்துக்குள் உங்கள் கணினியில் நிற்காமல் ஓடுகிறதா என்று சோதித்துவிடுங்கள். ஊருக்குள் வந்ததும் துணைப்பணிகளை ஒதுக்காதீர்கள்; அவற்றுள் ஒன்றில் கிடைக்கும் வானொலிப் பெட்டி, நினைத்த இடத்துக்கு உடனே போகும் வசதியைத் தந்து காரின் தொல்லையைப் பெரிதும் குறைத்துவிடும்.

பேத்தலாஜிக் 2ஐ இரண்டாவதாக வையுங்கள், ஆனால் கட்டாயம் வையுங்கள். வெளிவந்த சில வாரங்களிலேயே கடினத்தைக் குறைக்கும் வசதியை அதன் படைப்பாளர்கள் சேர்த்தார்கள். தங்கள் நோக்கப்படி ஆடுவதையே அவர்கள் விரும்பினாலும், மூன்றாம் நாளுக்குள் திணறுபவர்கள் பசியையும் களைப்பையும் மட்டும் சற்றுத் தணித்துக்கொண்டு, மரணத்துக்கான தண்டனையையும் கடிகாரத்தையும் தொடாமல் விட்டுவிடலாம் என்பது என் யோசனை. முதல் 2 மணி நேரத்தை வைத்து இதை மதிப்பிட முடியாது என்பதால் தள்ளுபடி விலைக்குக் காத்திருந்து வாங்குவது நல்லது. முழு 12 நாள்களுக்கு முன் சுவை பார்க்க விரும்புபவர்கள், அதோடு கூடுதலாக விற்கப்படும் 'மார்பிள் நெஸ்ட்' என்ற சிறு கதையை முதலில் ஆடலாம்; இன்னொரு மருத்துவனான டானில் டான்கோவ்ஸ்கியின் ஒரே ஒரு நாளைக் கொண்ட அது, சில மணி நேரத்தில் முடிந்துவிடும்.